கறுத்த திரைக்கு ஒரு டோர்ச் லைற்

“அண்ணை, லைற் எரியுது, காத்தாடி சுத்திற சத்தமும் கேக்குது. ஆனா டிஸ்பிளே கறுப்பாக் கிடக்கு. செத்துப்போச்சோ?”

கிளிநொச்சியில் லப்டொப் திருத்தும் எனக்குத் தொலைபேசியில் அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் மல்லாவியில் படிப்பிக்கும் ஆசிரியராக இருப்பார். புதுக்குடியிருப்பில் உயர்தரம் படிக்கும் பிள்ளையாக இருப்பார். அறிவியல் நகரில் பொறியியல் பீட மாணவராக இருப்பார். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். “இப்ப கொண்டு வர வேண்டாம். அறையை இருட்டாக்கிப்போட்டு, டோர்ச் லைற்றைத் திரைக்குக் கிட்டச் சாய்ச்சுப் பிடியுங்கோ. உள்ளுக்குள்ள படம் தெரியுதோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

மங்கலாகவேனும் படம் தெரிந்தால் அந்த லப்டொப் நன்றாக இயங்கிக்கொண்டிருக்கிறது. திரைக்குப் பின்னால் எரியவேண்டிய விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. தொழிலில் இதைப் பேக்லைற் பழுது என்போம். திரை கறுத்ததும் கணினியே முடிந்தது என்று அலுமாரிக்குள் ஒதுக்கிவிடுகிறவர்கள் ஏராளம். அப்படி வருடக்கணக்காகக் கிடந்து, யாரோ சொல்லி என்னிடம் வந்த இயந்திரங்கள் பல, ஒரு கேபிளையோ ஒரு சிறு பியூஸையோ மாற்றியதும் பழையபடி வேலை செய்திருக்கின்றன. உள்ளே பிள்ளைகளின் படங்களும் பாடக் குறிப்புகளும் அப்படியே இருந்தன.

வீட்டிலேயே பார்க்கச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வன்னியில் தூரம்தான் திருத்தக்கூலியின் பெரும் பங்கு. துணுக்காயிலிருந்தோ முல்லைத்தீவுக் கரையிலிருந்தோ ஒருவர் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் ஒரு நாள் வேலை போகும். பார்த்துவிட்டு, சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று நான் சொன்னால் இன்னொரு நாளும் போகும். புறப்படும் முன்பே பழுதில் பாதி தெரிந்தால், சாமானை எடுத்து வைத்துவிட்டு ஒரே தடவையில் வரச்சொல்லலாம். அந்தப் பாதியை வீட்டில் இருப்பவரே கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டிய பொருட்கள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

வெளிச்சம் அரிதாயிருந்த காலம்

நான் வானொலி வழியாக இந்தத் தொழிலுக்கு வந்தவன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வவுனியா நகருக்கு வடக்கே மின்சாரம் இல்லாமற் போயிற்று. பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் அடங்கியிருந்தன. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டோம்.

டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் இருந்தால் ஒன்றை மற்றதாக்கலாம் என்பதை எங்கள் ஊரில் வானொலி திருத்திய பெரியவர் ஒருவர் காட்டித்தந்தார். வானொலி பேசாவிட்டால் அவர் எதையும் கழற்றமாட்டார். மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டு வருவார். “கரண்ட் எதுவரைக்கும் வந்து நிக்குது எண்டு பார் தம்பி. அதுக்கு அங்காலதான் பழுது” என்பார். இன்றைக்கு வரும் எந்த இயந்திரத்தையும் அந்த ஒழுங்கில்தான் பார்க்கிறேன்.

2002இல் சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தது. கனடாவிலும் சுவிசிலும் இலண்டனிலும் இருந்து வந்த உறவுகள் தாங்கள் பாவித்த லப்டொப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜெனரேற்றரில் இயங்கிய கணினி வகுப்புகள் கிளிநொச்சியில் தொடங்கின. வானொலி திருத்திய கைக்குக் கணினியும் வந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2009இல் போர் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்களில் நானும் ஒருவன். செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்து விடுபட்டபின் வவுனியாவில் ஒரு திருத்தகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். லப்டொப்பின் திரையைத் திறந்து உள்ளே பார்க்கப் பழகியது அங்கேதான். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு மின்கம்பிகள் கிளிநொச்சிக்கு வந்தன, நானும் ஊருக்கு வந்தேன்.

திரைக்குள் நடப்பது

பெரும்பாலான லப்டொப்புகளின் திரை தானாக ஒளிர்வதில்லை என்பதைப் பலர் அறியார். 1366க்கு 768 என்ற அளவுள்ள சாதாரண திரையில் 10 இலட்சத்து 49 ஆயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பங்கு. ஆக 31 இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய கதவுகள் அந்தக் கண்ணாடிக்குள் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. திரவப் படிகத்தின் வேலை அவ்வளவுதான்: பின்னாலிருந்து வரும் ஒளியை விடுவது அல்லது மறிப்பது. ஒளியைக் கொடுப்பது பேக்லைற்.

பழைய இயந்திரங்களில் அது ஒரு மெல்லிய ஒளிர்குழல். திரையின் அடியோரத்தில் அதன் முழு நீளத்துக்கும் கிடக்கும். உள்ளே சிறிதளவு பாதரசம் உண்டு. குழலை எரியவைக்கப் பல நூறு வோல்ற் ஆடலோட்டம் வேண்டும். முதலில் பற்றவைக்க அதைவிடக் கூட வேண்டும். பற்றரியின் குறைந்த வோல்ற்றை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு இன்வேட்டர் என்ற ஒடுங்கிய போட் திரைக்குக் கீழே இருக்கும். இந்த வகையில் பழுது தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளும். போட்டவுடன் திரை இளஞ்சிவப்பாகத் தெரிந்து, சூடேறியதும் சரியாகி, மாதங்கள் போகப் போக நடுங்கி அணைந்தால் குழல் கிழடாகிவிட்டது. எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு நாள் சட்டென்று இருண்டால் பெரும்பாலும் இன்வேட்டர். புலம்பெயர்ந்த உறவுகள் கொடுத்துவிட்டுப் போன பெட்டிகளில் நாங்கள் பார்த்தவை அதிகமும் இவைதான்.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் குழலின் இடத்தை எல்ஈடி பிடித்தது. நீல எல்ஈடியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சைத் தடவினால் வெள்ளை ஒளி வரும். அந்த நீல எல்ஈடியைச் சாத்தியமாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு புதிய திரையின் அடியோரத்திலும் அவர்களின் உழைப்பு ஒரு மெல்லிய பட்டியாக ஒட்டப்பட்டிருக்கிறது. எல்ஈடி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ற். பத்துப் பன்னிரண்டு எல்ஈடிகள் தொடராக ஒரு சரம். அப்படிப் பல சரங்கள். எனவே ஒரு சரத்துக்கு 30 வோல்ற்றுக்கு மேல் தேவை. இந்த வோல்ற்றை உயர்த்தும் சில்லு பெரும்பாலான இயந்திரங்களில் திரையின் பின்புறச் சிறு போட்டிலேயே இருக்கிறது.

பட்டியிலிருந்து புறப்படும் ஒளி ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் தகட்டுக்குள் ஓரமாக நுழைந்து, அதன் புள்ளிகளில் மோதி, மேல்நோக்கித் திரும்புகிறது. தகட்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வீணாகும் ஒளியைத் திருப்பியனுப்புகிறது. முன்னால் ஒளியைப் பரப்பும் தாள்கள். டோர்ச் சோதனை வேலை செய்வது இந்த வெள்ளைத் தாளினால்தான். முன்பக்கத்திலிருந்து நாம் அடிக்கும் ஒளி கண்ணாடியைக் கடந்து உள்ளே போய், அந்தத் தாளில் பட்டு, அதே கதவுகள் வழியாகத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறது. இரண்டு தடவை கண்ணாடியைக் கடப்பதால் மிகவும் மங்கிப்போகிறது. ஆனாலும் படம் உருவாகியிருந்தால் அதன் நிழல் தெரிந்தே தீரும்.

தொலைபேசியில் நான் கேட்பவை

முதலில் இயந்திரம் இயங்குகிறதா என்று தெரியவேண்டும். “கப்ஸ்லொக் விசையை அமத்துங்கோ. அதின்ர சின்ன லைற் எரிஞ்சு நூருதோ?” என்பேன். மாறி மாறி எரிந்து நூர்ந்தால் உள்ளே கணினி விழித்திருக்கிறது. விண்டோஸ் திறக்கும் சத்தம் கேட்டாலும் அதே பொருள். அந்தச் சிறு விளக்கு எதற்கும் அசையாமல் நின்றாலோ, விட்டு விட்டு மின்னினாலோ, பீப் சத்தம் தொடர்ந்தாலோ பிரச்சினை பெரும்பாலும் திரையில் இல்லை. நினைவகத்தையோ மதர்போட்டையோ பார்க்கவேண்டும். அப்படியென்றால் டோர்ச்சை எடுக்கத் தேவையில்லை, கொண்டு வரச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது வெளிச்ச விசை. எஃப்என் விசையை அழுத்தியபடி சூரியன் படம் போட்ட விசையைப் பல தடவை அழுத்தச் சொல்வேன். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இதனாலேயே கதை முடிவதுண்டு. 2022இல் நாடு முழுவதும் மின்வெட்டு நீண்டு, மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் வரை போனபோது, பற்றரியை மிச்சம்பிடிக்க எல்லோரும் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தார்கள். பேக்லைற் அதிகம் மின்சாரம் தின்னும் பகுதிகளில் ஒன்று என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் சில இயந்திரங்கள் அடிமட்டத்தில் முற்றாகவே இருண்டுவிடும். பகலில் அதைத் திறந்தவர்கள் டிஸ்பிளே போய்விட்டதென்று பயந்து அழைத்தார்கள்.

மூன்றாவது காந்தம். மூடி மூடப்பட்டதைக் கணினி அறிவது மூடிக்குள் உள்ள சிறு காந்தத்தாலும், அதை உணரும் ஒரு சில்லாலும்தான். கிராம அலுவலர் ஒருவர், எழுதிக்கொண்டிருக்கும்போதே திரை அணைகிறது, கொஞ்ச நேரத்தில் தானே வருகிறது என்றார். போன் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கை வைக்கும் இடத்திலேயே வைத்திருந்தார். அதன் உறை காந்தத்தால் மூடும் வகை. போனை மேசைக்கு மாற்றியதும் பழுது தீர்ந்தது. ஒரு லப்டொப்பின் மேல் இன்னொன்றை வைத்துப் பாவிப்பவர்களுக்கும் இதே நடக்கும்.

நான்காவது, தேங்கிய மின்சாரத்தை வடியவிடுவது. சார்ஜரைக் கழற்றி, பற்றரி வெளியே எடுக்கக்கூடியதென்றால் அதையும் எடுத்து, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் போட்டு இயக்கச் சொல்வேன். மதர்போட்டில் குழம்பி நிற்கும் கட்டுப்பாட்டுச் சில்லு இதனால் புதிதாகத் தொடங்கும். இயக்கும் கணத்தில் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கக்கூடாது. நிறுவனத்தின் இலச்சினை வெளிச்சமாகத் தோன்றி, விண்டோஸ் வரும்போது இருண்டால் விளக்கில் குறையில்லை, மென்பொருளில் தேடவேண்டும். ஒரு விநாடி ஒளிர்ந்து அணைந்தால், ஏதோ ஒரு சரம் அறுந்ததை உணர்ந்து சில்லு தன்னைக் காத்துக்கொள்கிறது. தொடக்கத்திலிருந்தே ஒளி இல்லையென்றால் அடுத்த படி.

அதுதான் ஐந்தாவது, டோர்ச். அறை நன்றாக இருட்டாக இருக்கவேண்டும். இரவில் செய்வது சிறப்பு. போனில் உள்ள டோர்ச்சே போதும். நேராக அடித்தால் கண்ணாடியின் பளபளப்பு மட்டும் தெரியும். திரைக்குக் கிட்ட, சாய்வாகப் பிடித்து, மெதுவாக நகர்த்தவேண்டும். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும் நடுப்பகுதியில் முதலில் தேடவேண்டும். அவசரப்பட்டால் தெரியாது. “ஒண்டும் தெரியேல்லை அண்ணை” என்று சொன்ன பிள்ளையே, இன்னும் சாய்க்கச் சொன்னதும் “எழுத்துத் தெரியுது, எழுத்துத் தெரியுது” என்று கத்திய அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. டெல் இயந்திரமென்றால் இன்னொரு வழியும் உள்ளது: டி எழுத்து விசையை அழுத்தியபடி இயக்கினால் திரை தானாக ஒவ்வொரு நிறமாகக் காட்டும். அந்த நிறமாற்றத்தை டோர்ச்சில் பார்ப்பது எளிது. பின்மூடியில் அப்பிள் சின்னம் ஒளிரும் பழைய மக்புக்குகளில் ஒளியைப் பின்னாலிருந்தே அந்தச் சின்னம் வழியாக அடித்துப் பார்க்கலாம்.

ஆறாவது தொலைக்காட்சி. எச்டிஎம்ஐ கேபிளால் இணைத்து, விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி மாற்றிப் பார்க்கவேண்டும். தொலைக்காட்சியில் படம் வந்தால் மதர்போட்டின் படம் போடும் பகுதி நலம். பரீட்சைக் காலத்தில் இந்தச் சோதனையே தற்காலிக மருந்துமாகும். சாமான் வரும்வரை பிள்ளை தொலைக்காட்சியில் படிக்கட்டும்.

ஏழாவது மூடியை அசைப்பது. மெதுவாக, முழுதாகத் திறந்து மூடி, இடையில் எந்தக் கோணத்திலாவது ஒளி வந்து போகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் பிணைச்சல் வழியாகப் போகும் கேபிள் உள்ளே முறிந்திருக்கிறது. இது எந்த விலையுயர்ந்த இயந்திரத்துக்கும் நேரும். 2016இல் வந்த 13 அங்குல மக்புக் புரோவில் பேக்லைற்றுக்கான மெல்லிய கேபிள் மூடியைத் திறந்து மூடும்போது தேய்ந்து அறுந்தது. திரையின் அடியில் நாடகமேடை விளக்குகள்போல ஒளி திட்டுத் திட்டாகத் தெரிந்து, பிறகு திரையே அணைந்தது. 2019 மே மாதத்தில் அப்பிள் நிறுவனம் அந்த வகைக்கு இலவசத் திருத்தம் அறிவித்தது. 2018 வடிவத்தில் அந்தக் கேபிள் 2 மில்லிமீற்றர் நீட்டப்பட்டிருந்ததைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். 

இந்த ஏழுக்கும் பதில் கிடைத்ததும் பழுது எந்தப் பக்கம் என்று துலங்கிவிடும். டோர்ச்சில் படம், தொலைக்காட்சியிலும் படம் என்றால் பேக்லைற். டோர்ச்சில் இல்லை, தொலைக்காட்சியில் உண்டு என்றால் திரைக்குப் போகும் சமிக்ஞை. கேபிள் அல்லது கண்ணாடி. இரண்டிலும் இல்லையென்றால் மதர்போட். மூடியை அசைக்கும்போது மாறினால் கேபிள். வீட்டில் செய்யவேண்டியது இத்தோடு முடிகிறது.

மூடியைத் திறந்த பிறகு

இங்கிருந்து என் மேசை வேலை. மல்டிமீற்றர் வைத்திருக்கும் இளைஞர்கள் இப்போது எங்கள் ஊர்களில் பெருகியிருப்பதால் அவர்களுக்காக இதையும் சொல்கிறேன்.

திரைக் கேபிளைத் தொடும் முன் சார்ஜரோடு பற்றரியையும் கழற்றவேண்டும். உள்ளே பொருத்திய பற்றரியென்றால் அடிமூடியைத் திறந்து அதன் இணைப்பைப் பிரிக்கவேண்டும். கேபிளின் நுனியில் பேக்லைற்றுக்குப் போகும் மின்சாரமும் படத்துக்கான மெல்லிய சமிக்ஞைகளும் மயிரிழை தூரத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மின்சாரம் நிற்கும்போது கேபிளைச் சற்றுக் கோணலாகச் செருகினால் பியூஸ் போய்விடும்; சில வேளை அதோடு சில்லும் போகும். புதிய திரை போட்டும் வெளிச்சம் வரவில்லை என்று என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான்.

எல்ஈடி திரை எரிய மூன்று விடயங்கள் ஒன்றாகச் சேரவேண்டும். ஒன்று, பற்றரி அல்லது சார்ஜரின் வோல்ற். இயந்திரத்தைப் பொறுத்து ஏறத்தாழ 7 முதல் 20 வரை. இரண்டு, “எரி” என்று மதர்போட் அனுப்பும் கட்டளை, பொதுவாக 3.3 வோல்ற். மூன்று, எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும் துடிப்பு. நொடிக்குப் பல நூறு தடவை விளக்கை அணைத்து ஏற்றுவதால் கண்ணுக்கு வெளிச்சம் கூடிக் குறைகிறது. மூன்றும் கேபிளின் திரைப்பக்க நுனிவரை வந்தால் பழுது திரைக்குள். மதர்போட்டில் இருக்கிறது, நுனியில் இல்லை என்றால் கேபிள். மதர்போட்டிலேயே முதலாவது இல்லையென்றால் இணைப்பிக்கு அருகிலுள்ள பியூஸைச் சோதிக்கவேண்டும். மீற்றரின் இரு முனைகளையும் அதன் இரு பக்கம் வைத்தால் சத்தம் வரவேண்டும். கரண்ட் எதுவரைக்கும் வந்து நிற்கிறது என்ற அந்தப் பெரியவரின் கேள்வியேதான் இது.

பியூஸ் போயிருந்தால் கம்பித் துண்டால் இணைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பியூஸ் போனதற்கு ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் எங்கோ ஒரு குறுக்கிணைப்பு. அதைக் கண்டுபிடிக்காமல் கம்பி வைத்தால் அடுத்ததாக எரிவது கேபிளோ மதர்போட்டோ. அதே அளவுப் பியூஸைத்தான் போடவேண்டும்.

பழைய குழல் வகையைத் திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இயங்கும்போது இன்வேட்டரைத் தொடக்கூடாது; அதன் அதிர்ச்சி கையைச் சுடும். குழலை உடைக்கவும் கூடாது. உடைந்தால் யன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, துண்டுகளை ஈரத் துணியாலோ தடித்த கடதாசியாலோ ஒற்றி எடுத்து மூடிய போத்தலுக்குள் போடவேண்டும். பாதரசம் சிறிதளவென்றாலும் அது விஷம். பற்றரி உப்பியிருந்தால், எந்த வகை லப்டொப்பாக இருந்தாலும், வீட்டில் ஒன்றும் செய்யாமல் அணைத்து வைக்கவேண்டும்.

சாமான் கிடைக்காத காலம்

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வற்றியபின் எங்கள் கடை வாசலில் சேறு காய்ந்த பெட்டிகள் வரிசையாக வந்தன. திரைத் தாள்களுக்கிடையில் தண்ணீர் புகுந்தால் மேகம் படர்ந்ததுபோலக் கறை தெரியும். அதை வெயிலில் காயவைத்தால் தாள்கள் வளைந்து கெட்டுவிடும். இயக்காமல், நிழலில், கவிழ்த்து வைத்துக் கொண்டுவந்தவர்களின் இயந்திரங்கள்தான் அதிகம் பிழைத்தன. வெள்ளம் பட்ட பெட்டியை “ஒருக்காப் போட்டுப் பாப்பம்” என்று இயக்கியவர்களின் போட்டுகளில் ஈரத்தோடு மின்சாரம் ஓடி, பேக்லைற் இணைப்பியின் முனைகள் பச்சை பிடித்து அரித்திருந்தன.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபின் பாடங்கள் சூமுக்கும் வட்ஸ்அப்புக்கும் போயின. அலுமாரிகளில் கிடந்த பழைய லப்டொப்புகள் அந்தக் காலத்தில்தான் வெளியே வந்தன. ஊரடங்கில் யாரும் கடைக்கு வர முடியாது. தொலைபேசியில் படிப்படியாகக் கேட்கும் இந்த முறை அப்போதுதான் எனக்கு உருவாகியது. எதிர்முனையில் இருந்தவர்கள் பெரும்பாலும் தாய்மார். திரையைப் பற்றி எதுவும் தெரியாது என்று தொடங்கியவர்கள், சொன்னதைப் பொறுமையாகச் செய்து, கண்டதைத் தெளிவாகச் சொன்னார்கள். ஒரு பழுதைக் கண்டறிய முதல் வேண்டியது கவனம் என்பதை அவர்களிடம் கண்டேன். கருவியும் பட்டமும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

2022 பொருளாதார நெருக்கடி இன்னொரு விதம். மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது மே மாதத்தில் 360 அளவுக்குப் போயிற்று. புதிய டிஸ்பிளேயின் விலையைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. கண்ணாடி உடைந்த திரைகளைச் சேர்த்து வைத்திருந்தோம். அவற்றின் எல்ஈடி பட்டி பெரும்பாலும் நலமாக இருக்கும். விளக்குப் போன திரைக்கு அந்தப் பட்டியை மாற்றத் தொடங்கினோம். இரண்டு பட்டியும் ஒரே நீளமாக, ஒரே எண்ணிக்கைச் சரங்களோடு இருக்கவேண்டும். தாள்களைக் கழற்றிய ஒழுங்கிலேயே திரும்ப அடுக்கவேண்டும். ஒரு விரல் ரேகை பட்டாலும் திரையில் நிரந்தரமாகத் தெரியும். எங்கள் கிரவல் தெருக்களின் செம்மண் தூசி எந்த இடுக்குக்குள்ளும் வரும் என்பதால், இரவில் கடைக் கதவை அடைத்து, காற்றாடியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடங்கியபின் இந்த வேலையைச் செய்தோம். பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் அந்த ஆண்டு உயர்தரம் படித்த பிள்ளைகள் பலரின் கையில் இருந்த திரை அப்படி ஒளிபெற்றதுதான்.

பழுதைச் சொல்லும் கடமை

திரை கறுப்பு என்றதும் “முழு டிஸ்பிளேயும் மாத்தவேணும்” என்று விலை சொல்வது திருத்துநருக்கு மிக எளிது. பழுது கேபிளில் என்றாலும் புதிய திரையோடு புதிய கேபிளும் போட்டால் வெளிச்சம் வந்துவிடும்; வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. அவர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி தேவையில்லாமல் போயிருக்கும். வன்னியில் ஒரு லப்டொப் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு, அல்லது வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் உழைப்பு. அதை வைத்து அநியாயமாக உழைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால் கடைக்கு வருபவரின் கண்முன்னாலேயே டோர்ச் அடித்துக் காட்டுகிறேன். மீற்றரின் இலக்கத்தை வாசித்துக் காட்டுகிறேன். மாற்றிய சாமானைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் ஏழு கேள்விகளுக்கும் பதில் கண்டுகொண்டு வருபவரை எந்தக் கடைக்காரரும் ஏமாற்ற முடியாது. “டோர்ச்சில படம் தெரியுது, ரீவியில வருது, மூடியை ஆட்டினா மாறேல்லை” என்று சொல்லி ஒருவர் உள்ளே வந்தால், எனக்கும் அவருக்கும் இடையில் நடப்பது சம அறிவுள்ளவர்களின் பேச்சு. என் நேரமும் மிச்சம், அவருடைய பணமும் மிச்சம்.

இப்போது எங்கள் பக்கத்தில் படிப்பதற்கு இடங்கள் உண்டு. அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் முதல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே படித்து வரும் பிள்ளைகள் என்னைவிட ஆழமாக இந்தச் சுற்றுகளை அறிவார்கள். நான் கேட்பது அதற்கு முந்திய ஒரு சிறு விடயம். வன்னியின் ஒவ்வொரு பாடசாலைக் கணினிக் கூடத்திலும் ஒரு டோர்ச் லைற்றும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளும், இந்த ஏழு கேள்விகளை எழுதிய ஒரு தாளும் இருக்கட்டும். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒரு பாடவேளையில் இதைப் பழகிவிடும். கறுத்துப்போய் மூலையில் அடுக்கியிருக்கும் கணினிகளை அந்தப் பிள்ளைகளே ஒவ்வொன்றாகப் பார்த்து, எது விளக்கு, எது கேபிள், எது மதர்போட் என்று பிரித்து எழுதிவைக்கட்டும். அப்படி ஒரு பட்டியலோடு எந்தப் பாடசாலை அழைத்தாலும் வேண்டிய சாமான்களோடு நானே வருவேன்.